உப்புநீரில் பனித்தட்டு வளர்ப்பது எப்படி: கொஞ்சமாகக் குளிர்வியுங்கள், சீக்கிரம் விதை போடுங்கள்

காற்று அடித்துக் கலக்கும் குளிர்கடலில் பனி தகடாகத் தொடங்குவதில்லை. மேற்பரப்பிலிருந்து பல மீட்டர் ஆழம் வரை, நீருக்குள்ளேயே, சின்னச் சின்ன வட்டத் தட்டுகளாகத் தொடங்குகிறது. விட்டம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர்வரை, தடிமன் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இதை ஃபிராசில் பனி என்பார்கள். இந்தத் தட்டுகளை வீட்டிலேயே வளர்த்துக் கண்ணால் பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தொட்டி, உப்பு, ஃப்ரீசர், பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார், வெப்பமானி, இவ்வளவுதான் அடிப்படைத் தேவை.

இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம், குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை மேஜையில் ஒரு தட்டு தட்டினால் மளமளவென்று உறைந்துபோகும் வீடியோக்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதில் நீர் உறைநிலைக்குக் கீழே பல டிகிரி இறங்கியிருக்கிறது, அதனால் ஊசி ஊசியாகக் கிளைத்து ஒரே நொடியில் எல்லாம் குழம்பிவிடுகிறது, ஒரு படிகத்தைக்கூடத் தனியாகப் பார்க்க முடியாது. கடலில் நீர் உறைநிலைக்குக் கீழே போவது ஒரு டிகிரியில் நூறில் சில பங்குதான். அந்த மிகச் சிறிய குளிரில்தான் அழகான வட்டத் தட்டு வளரும். ஆகவே இந்தச் சோதனையில் உங்கள் வேலை முழுவதும் தண்ணீரை அதிகமாகக் குளிரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

எதற்கு விதை வேண்டும்

0 டிகிரி என்பது பனி உருகும் வெப்பநிலை. பனியே இல்லாத நீர் அதற்குக் கீழேயும் திரவமாகவே இருக்கும். தூசுதும்பு இல்லாத மிகச் சிறிய நீர்த்துளிகள் −38 டிகிரி வரைகூட உறையாமல் தாக்குப்பிடிக்கும். தூசு இருந்தால் முன்னதாகவே உறையும்தான், ஆனால் எவ்வளவு முன்னதாக? மேகத்தில் தூவும் சில்வர் அயோடைடை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் படிக அமைப்பு பனியின் அமைப்போடு நெருக்கமாக ஒத்துப்போகிறது என்பதால்தான் 1946-ல் அமெரிக்க விஞ்ஞானி பெர்னார்ட் வானகட் அதைத் தேர்ந்தெடுத்தார். அதுவே நான்கைந்து டிகிரி கீழே போனால்தான் வேலை செய்யும். இலைகளில் உறைபனிச் சேதம் உண்டாக்கும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா இந்த விஷயத்தில் பெரிய கெட்டிக்காரன், அதற்கும் சுமார் 2 டிகிரி தேவைப்படுகிறது.

அப்படியென்றால் 0.05 டிகிரி மட்டுமே மீக்குளிர்ந்த, அதாவது உறையாமலேயே உறைநிலைக்குக் கீழே போன, கடல்நீரில் பனியை எது தொடங்கிவைக்கிறது? தூசும் பாக்டீரியாவும் அந்த வெப்பநிலையில் சும்மாதான் மிதந்துகொண்டிருக்கும். ஏற்கனவே உறைந்த ஏதாவது ஒன்று வெளியிலிருந்து வந்து விழ வேண்டும். ஒரு பனித்துகள், குளிர்காற்றில் உறைந்து திரும்பி விழுந்த அலைத் தெறிப்பு, மூடுபனியில் உருவான நுண்படிகம், ஏதோ ஒன்று. அதுதான் விதை. அது விழுந்து வளர்ந்து, இன்னொன்றோடும் நீரில் மிதக்கும் மற்ற பொருள்களோடும் மோதி விளிம்பு உடைகிறது. உடைந்த துணுக்கு ஒவ்வொன்றும் புதுப் படிகம். அவை வளர்ந்து, மோதி, மறுபடியும் உடைகின்றன. ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் பெருகும் இந்த வழியைத்தான் இரண்டாம் நிலைக் கருவாக்கம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த விஷயத்திலேயே மிகவும் ரசிக்கத்தக்க இடம் இதுதான்.

உடைந்த துணுக்கு எல்லாமே பிழைக்காது. வளைவு அதிகமான பரப்பில் பனி சற்றுக் குறைந்த வெப்பநிலையிலேயே உருகிவிடும். உத்தேசக் கணக்குப்படி, 0.05 டிகிரி மீக்குளிர்வில் ஒரு மைக்ரான் ஆரத்துக்கும் குறைவான உருண்டைத் துணுக்கு கரைந்து போய்விடும், அதைவிடப் பெரியதுதான் வளரும். மீக்குளிர்வு கூடினால் இன்னும் சிறிய துணுக்குகளும் பிழைக்கும், படிக எண்ணிக்கை எகிறும். குளிரைக் குறைவாக வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொட்டி

செவ்வக வடிவக் கண்ணாடித் தொட்டியாகப் பாருங்கள், இரண்டு லிட்டர் பிடித்தால் போதும். பிளாஸ்டிக் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. படிகங்களைப் போலராய்டு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு) வழியாகத்தான் பார்க்கப்போகிறோம், அக்ரிலிக்கும் பாலிஸ்டைரீனும் வார்க்கும்போது உள்ளே தங்கிவிட்ட இறுக்கத்தால் தாமாகவே வண்ணப்பட்டைகளைக் காட்டும், அந்த வண்ணக் குழப்பத்தில் படிகத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. கண்ணாடியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

தொட்டியின் அடியில் தெர்மோகோல், மேலே தெர்மோகோல் மூடி. மூடியில் மோட்டார் தண்டுக்கு ஒரு ஓட்டை, வெப்பமானிக்கு ஒன்று, விதை போட ஒன்று. இடது வலது பக்கச் சுவர்களில் குளிர்ப் பைகளைச் சாய்த்து வையுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் பார்ப்பதற்கு வேண்டும், அங்கே இன்னொரு கண்ணாடித் தகட்டை ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தி, ஓரங்களை டேப்பால் அடைத்துவிடுங்கள். இது இல்லாவிட்டால் சில நிமிடங்களிலேயே வெளிப்பக்கம் முழுக்க ஈரம் படிந்து ஒன்றும் தெரியாது. இடைவெளிக்குள் ஒரு சிலிகா ஜெல் பொட்டலத்தைப் போட்டுவைத்தால் இன்னும் நல்லது.

கலக்குவதற்குப் பேட்டரி மோட்டாரும் சிறிய பிளாஸ்டிக் துடுப்பும். சுவர் மின்சாரத்தை உப்புத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுவராதீர்கள். மீன்தொட்டிப் பம்பும் சரிப்படாது, நீருக்குள் கிடந்து சூட்டை உள்ளேயே விட்டுக்கொண்டிருக்கும், நாம் எடுக்கப்போகும் வெப்பமே சில வாட்தான். துடுப்பு அடிப்பக்கமாகச் சுழலட்டும், நீர் முழுக்கப் புரள வேண்டும், ஆனால் மேலே சுழி விழுந்து காற்றை உள்ளே இழுக்கக் கூடாது. கலக்குவதை நிறுத்திவிட்டால் தட்டுகள் மேலே போய் ஒதுங்கிவிடும், பனி மேற்பரப்பில் ஏடாகப் படர ஆரம்பித்துவிடும். கடலில் காற்றும் அலையும் செய்யும் வேலையைத்தான் இங்கே அந்தத் துடுப்பு செய்கிறது.

தண்ணீரும் குளிர்ப் பையும்

965 கிராம் தண்ணீருக்கு 35 கிராம் உப்பு. அதுதான் சராசரிக் கடல்நீரின் உப்புத்தன்மை. தண்ணீரை முதலில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள், கரைந்த காற்று போய்விடும். இல்லாவிட்டால் குமிழ் எது, படிகம் எது என்று திண்டாட வேண்டியிருக்கும். கட்டி பிடிக்காமலிருக்கப் பொடி கலந்த சமையல் உப்பு தண்ணீரைக் கலங்கலாக்கும், அது கலக்காத உப்பாகவோ மீன்தொட்டிக்கான கடலுப்பாகவோ வாங்குங்கள். நிஜக் கடல்நீர் கையில் இருந்தால் வடிகட்டி அதையே பயன்படுத்தலாம். உறைநிலையில் சின்ன வித்தியாசம் வரும்: இந்த உப்புத்தன்மையில் கடல்நீர் −1.9 டிகிரிக்கு அருகில் உறையும், வெறும் சோடியம் குளோரைடு கரைசல் −2.1-க்கு அருகில்.

குளிர்ப் பைதான் இதில் நுணுக்கமான இடம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த −18 டிகிரிப் பனிக்கட்டியை நேரடியாகச் சுவரில் சாய்த்தால் உள்பக்கம் சுவரை ஒட்டிய நீர் அதிகமாகக் குளிர்ந்து, நீங்கள் விதை போடும் முன்பே அங்கிருந்து உறையத் தொடங்கிவிடும். மிதமான, மாறாத குளிர் வேண்டும். அதற்கு உப்புநீரையே பயன்படுத்தலாம். ஒரு கிலோ கரைசலில் 80 கிராம் உப்பு இருந்தால் அது −5 டிகிரியில் உறையத் தொடங்கும், 100 கிராம் என்றால் −6.5 டிகிரியில். அந்தக் கரைசலைக் கெட்டியான ஜிப் பைகளில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, பாதி உறைந்து கூழாக இருக்கும்போது எடுத்துவிடுங்கள். முழுக்கக் கல்லாகிவிட்டால் வெளியே வைத்து, பிசைந்தால் நெகிழும் அளவுக்கு இளகவிடுங்கள். உள்ளே பனியும் உப்புநீரும் சேர்ந்திருக்கும்வரை அந்தப் பையின் வெப்பநிலை மெதுவாகத்தான் ஏறும், பனி உருக உருக உப்புநீர் நீர்த்துப்போவதற்கேற்ப. மாற்றுப் பைகள் சிலவற்றைத் தயாராக ஃப்ரீசரில் வைத்திருங்கள்.

தொட்டித் தண்ணீரைச் சாதாரண ஃபிரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டுப் பைகளைச் சாய்த்தால் நேரம் மிச்சம். கடல்நீரைப் பற்றிய ஒரு முக்கியமான விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நன்னீர் 4 டிகிரியில் அதிக அடர்த்தி அடையும், அதற்குக் கீழே குளிர்ந்த நீர் மேலேயே மிதக்கும், அதனால் ஏரி மேலிருந்து உறைகிறது. உப்புத்தன்மை கிலோவுக்கு 24.7 கிராமைத் தாண்டிவிட்டால் அந்த அதிக அடர்த்தி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே கடல்நீர் குளிரக் குளிர மூழ்கிக்கொண்டே இருக்கும், உறையும் நொடிவரை. பனி உருவாகும்முன் ஆழமான ஒரு நீரடுக்கு முழுவதுமே உறைநிலையை நெருங்கிவிடுவதற்கு இதுதான் காரணம்.

வெப்பமானி

சமையலறை வெப்பமானி போதாது. நாம் தேடும் மாற்றம் 0.1 டிகிரிக்கும் குறைவு. பொழுதுபோக்கு மின்னணுவில் எல்லோரும் வாங்கும் டிஎஸ்18பி20 உணரி 0.06 டிகிரிப் படிகளில் காட்டும், விஷயம் நடந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள மட்டும் உதவும். நேரத்தோடு வெப்பநிலை மாறுவதைக் காட்டும் நல்ல வளைகோடு வேண்டுமென்றால் ஒரு தெர்மிஸ்டரும் (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் உணரி) அதன் அளவை எண்ணாக்கும் 16 பிட் மாற்றியும் வாங்கிக்கொள்ளுங்கள், 0.01 டிகிரி தெளிவாகத் தெரியும். நொறுக்கிய நன்னீர்ப் பனியும் தண்ணீரும் சேர்ந்த கலவையில் வைத்து 0 டிகிரியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் கரைசலின் உறைநிலை எது என்பதை, கணக்கை நம்பாமல், முதல் ஓட்டத்திலேயே அளந்து குறித்துவையுங்கள். வளைகோடு கீழே போய்த் திரும்பி ஏறி நின்றுவிடும் இடம் ஏறக்குறைய அதுதான்.

விதை போடுதல்

நீர் நிமிடத்துக்கு 0.02 டிகிரி அளவில் இறங்கினால் மிகவும் நல்லது, 0.05 என்றாலும் சமாளிக்கலாம். அதைவிட வேகமாக இறங்கினால் பைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு துணியை நுழையுங்கள். உறைநிலையைத் தாண்டிய பிறகும் எதுவும் நடக்காது, பயப்பட வேண்டாம், எதுவும் நடக்காமல் இருப்பதுதான் சரி. மீக்குளிர்வு 0.05-லிருந்து 0.1 டிகிரிக்குள் வந்ததும் விதையைப் போடுங்கள். இன்னும் கொஞ்சம் குளிரட்டுமே என்று காத்திருக்கத் தோன்றும், காத்திருக்காதீர்கள்.

விதைக்கு ஃப்ரீசர் சுவரில் படிந்திருக்கும் உறைபனி போதும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை ஃப்ரீசருக்குள்ளேயே வைத்துக் குளிரவிட்டு, அதன் நுனியால் உறைபனியைச் சுரண்டி, ஒட்டியிருக்கும் தூளை மூடி ஓட்டை வழியாக நீரில் தட்டிவிடுங்கள். குச்சி குளிர்ந்திருப்பது முக்கியம், அறை வெப்பத்தில் இருந்த குச்சியென்றால் தூள் வழியிலேயே உருகி, வெறும் தண்ணீர்த் துளிதான் உள்ளே போகும். மிகக் கொஞ்சமாகப் போடுங்கள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக. ஒரு சிட்டிகை போட்டால் ஆரம்பத்திலேயே கூட்டம் சேர்ந்துவிடும், ஒன்றிலிருந்து பல பெருகுவதைப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். உறைபனி இல்லாத ஃப்ரீசர் என்றால் ஒரு மெல்லிய செப்புக் கம்பியை உள்ளே குளிரவைத்து, நுனியை மட்டும் நீரில் ஒரு நொடி தொட்டு எடுங்கள், நுனியில் உறையும் பனியிலிருந்து துணுக்குகள் கழன்று வரும்.

பார்ப்பது

அறையை இருட்டாக்குங்கள். பின்பக்கம் ஒரு எல்சிடி திரையை வெள்ளையாக வைத்து நிறுத்துங்கள். அதிலிருந்து வரும் ஒளி ஏற்கனவே முனைவாக்கம் பெற்றது, அதாவது ஒரே திசையில் அதிர்வது, தனியாக ஒரு போலராய்டு வாங்கும் செலவு மிச்சம். முன்பக்கம் கேமராவுக்கான போலராய்டு வடிகட்டியைப் பிடித்து, திரை கருத்துப்போகும்வரை திருப்புங்கள். இப்போது கரிய பின்புலத்தில் பனி மட்டும்தான் தெரியும்.

விதை போட்ட முதல் நிமிடத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுக்கென்று ஒரு புள்ளி தோன்றி மறையும். ஏன் மறைகிறது என்று கவனியுங்கள். பனிப் படிகத்துக்கு ஒரு அச்சு உண்டு, தட்டின் முகத்துக்குச் செங்குத்தாக. அந்த அச்சு வழியே, அதாவது தட்டை நேருக்கு நேராக முகம் பார்த்தால், ஒளியின் முனைவாக்கத்தில் மாற்றம் எதுவும் நடக்காது, தட்டு கருப்பாகவே இருக்கும். விளிம்புப் பக்கமாகத் திரும்பும்போது ஒளி தட்டின் முழு விட்டத்தையும் கடக்கிறது, ஒரு மில்லிமீட்டர்த் தட்டென்றால் இளஞ்சிவப்பும் பச்சையுமாக வண்ணம்கூடத் தெரியும். கொந்தளிப்பில் புரண்டுகொண்டே போவதால் ஒவ்வொரு தட்டும் விட்டு விட்டு மின்னுகிறது. வெயில் விழும் அறையில் மிதக்கும் தூசு மின்னுவதைப் போலத்தான், ஆனால் இது மின்ன மின்னப் பெரிதாகிக்கொண்டே வரும். குமிழி இப்படி மின்னாது, புரண்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

படிகம் ஏன் தட்டாக இருக்கிறது? பனியின் தட்டையான முகம் அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய வழவழப்பான பரப்பு, அங்கே புது நீர் மூலக்கூறு வந்து ஒட்டிக்கொள்ளப் பிடிமானம் குறைவு. விளிம்பு சொரசொரப்பு, வந்ததெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அதனால் பக்கவாட்டில் வேகமாக வளர்கிறது, தடிமன் மெல்லத்தான் ஏறுகிறது. வட்டமாக இருப்பது குளிர் குறைவு என்பதால். மீக்குளிர்வு கூடினால் விளிம்பு முதலில் அலை அலையாக நெளியும், அப்புறம் ஆறு பக்கமும் கிளை நீட்டும். விளிம்பில் ஒரு புடைப்பு தற்செயலாக முன்னால் நீண்டுவிட்டால் அது மற்ற இடங்களைவிடக் குளிர்ந்த நீரைத் தொடுகிறது, அதனால் இன்னும் வேகமாக வளர்கிறது, கிளை பிறப்பது இப்படித்தான். உங்கள் தொட்டியில் நட்சத்திர வடிவங்கள் தெரிந்தால் விதை தாமதமாக விழுந்திருக்கிறது என்று பொருள்.

உப்பு இல்லாத நீரிலும் ஒருமுறை இதையே செய்து பாருங்கள், பை, கலக்கும் வேகம் எதையும் மாற்றாமல். வித்தியாசம் புரியும்போதுதான் கடல்நீரின் தனித்தன்மை பிடிபடும். படிகம் வளரும்போது இரண்டை வெளியே தள்ள வேண்டியிருக்கலாம். ஒன்று வெப்பம், ஒரு கிராம் நீர் உறைந்தால் 334 ஜூல். நன்னீரில் அது ஒன்றுதான். கடல்நீரில் உப்பையும் தள்ள வேண்டும், ஏனென்றால் பனியின் படிகக் கூட்டுக்குள் உப்புக்கு இடமில்லை. பிரச்சினை என்னவென்றால் நீரில் வெப்பம் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் உப்பு பரவும் வேகம் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. தள்ளப்பட்ட உப்பு விளிம்பைச் சுற்றியே தேங்கி நிற்கிறது. அங்கே உப்பு கிலோவுக்கு ஒரு கிராம் கூடினாலே உறைநிலை சுமார் 0.055 டிகிரி இறங்கிவிடும், உங்கள் மீக்குளிர்வு மொத்தமும் 0.05 என்றால் வளர்ச்சி அந்த இடத்திலேயே நின்றுபோகும். நீர் புரண்டு உப்பை வாரிக்கொண்டு போனால்தான் மேலே வளர முடியும். ஆகவே கலக்குவது தட்டுகளை மிதக்கவிட மட்டுமில்லை, அவற்றின் வளர்ச்சியே அதை நம்பித்தான் இருக்கிறது. துடுப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, வளைகோடு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பாருங்கள்.

வளைகோடு ஒரே மாதிரி இறங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் தயங்கி, அடிமட்டம் தொட்டு, ஏறத் தொடங்கும். உறையும் பனி வெளியிடும் வெப்பமும் பைகள் எடுக்கும் வெப்பமும் சமமாகும் நொடிதான் அந்த அடிமட்டம். படிக எண்ணிக்கை மடமடவென்று பெருகும் கட்டமும் அதை ஒட்டித்தான் வரும், வீடியோ எடுப்பதென்றால் அந்த ஐந்து பத்து நிமிடங்களைத் தவறவிடாதீர்கள். அதன்பின் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். நன்னீரில் அந்த இடத்திலேயே கிடக்கும். உப்புநீரில் மெல்ல மெல்ல மறுபடி சரியும், காரணம் பனி கூடக் கூட மிஞ்சிய நீர் உப்பாகிக்கொண்டே போகிறது: நூறில் ஒரு பங்கு நீர் உறைந்தால் உறைநிலை 0.02 டிகிரி இறங்கும்.

எவ்வளவு பனி என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ கடல்நீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 4 கிலோஜூல் வேண்டும். 0.1 டிகிரி மீக்குளிர்வு தீர்வதற்கு 0.4 கிலோஜூல், அதை 334-ஆல் வகுத்தால் 1.2 கிராம் பனி. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் விட்டமும் 0.05 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள தட்டின் எடை 0.036 மில்லிகிராம்தான். 1.2 கிராமில் இப்படிப்பட்ட தட்டுகள் முப்பதாயிரத்துக்கு மேல் இருக்கும். அதனால்தான் தொட்டி முழுக்கப் பளபளக்கிறது.

கடைசிக் கட்டத்தில் தட்டுகள் மோதி ஒட்டிக்கொண்டு பஞ்சுபோன்ற கொத்துகளாகும், பெரியதானதும் துடுப்பின் பிடியிலிருந்து நழுவி மேலே போய்விடும். நன்னீரில் இந்த ஒட்டுதல் பலமாக இருக்கும், கடல்நீரில் குறைவு. ஒட்டும் இடத்தில் தள்ளப்பட்ட உப்பு இடைஞ்சல் செய்வதுதான் காரணம். கடலில் மேலே சேரும் இந்தக் கூழ் எண்ணெய் படிந்த மாதிரி மங்கலாகத் தெரியும், அலை அதில் அடங்கிப்போகும், பிறகு உறைந்து வட்ட வட்டத் துண்டுகளாகும்.

கடலில் இதைப் பெரிய அளவில் பார்க்கலாம். அண்டார்டிகாவில் டெரா நோவா விரிகுடாவில் பனிமேட்டிலிருந்து இறங்கிவரும் காற்று, உருவாகும் பனியை உருவாக உருவாகக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போகிறது. நீர் திறந்தே கிடப்பதால் ஃபிராசில் ஓயாமல் உருவாகிறது, காற்றின் திசையில் நீள நீளக் கோடுகளாக ஒதுங்கி நிற்கிறது. குளிர்காற்றே படாமலும் இது நடக்கும் என்பதுதான் வியப்பு. அழுத்தம் கூடினால் உறைநிலை குறையும், ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 0.76 டிகிரி. பனி அடுக்கின் (நிலத்திலிருந்து கடலுக்குள் நீண்டு மிதக்கும் தடித்த பனியின்) அடிவயிற்றில், ஆழத்தில், கடல்நீர் பனியை உருக்கிக் குளிர்கிறது. அந்த நீர் சரிவை ஒட்டி மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து உறைநிலை உயர்கிறது, நீரின் வெப்பநிலை அப்படியே இருக்க அது மீக்குளிர்ந்ததாகிவிடுகிறது, உள்ளேயே தட்டுகள் முளைக்கின்றன. ஆழத்தில் உருக்கி மேலே படியவைக்கும் இந்தச் சுழற்சியைப் பனி பம்பு என்கிறார்கள். ஃபில்க்னர்-ரோன், ஏமரி பனி அடுக்குகளின் அடியில் இப்படிப் படிந்த கடற்பனி நூறு மீட்டருக்கும் மேற்பட்ட தடிமனில் இருக்கிறது. மெக்மர்டோ சவுண்டில் கடற்பனியின் அடியில் உள்ளங்கை அளவுத் தட்டுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்குவதும் இந்த நீரால்தான்.

சரியாக வராவிட்டால்

விதை போடும் முன்பே வளைகோடு திரும்பிவிட்டால் சுவரிலோ மூடியிலோ துடுப்புத் தண்டிலோ பனி இருந்திருக்கிறது. மூடியின் உள்பக்கம் படியும் ஈரம் உறைந்து உதிர்வது அடிக்கடி நடக்கும், மூடியை நீர்மட்டத்திலிருந்து சற்று உயர்த்தி, கைபடாமல் துடைத்துவிட்டு வையுங்கள். தண்டு வழியாகவும் குளிர் இறங்கும், உலோகத் தண்டுக்குப் பதில் பிளாஸ்டிக் போடுங்கள். விதை போட்ட பிறகு பக்கச் சுவர்களில் பனி படர்வதைத் தவிர்க்க முடியாது, அதைக் கண்டுகொள்ளாமல் நடுவில் ஓடும் நீரைப் பாருங்கள். சுவர்ப் பனி தடித்துக்கொண்டே போனால் பை அதிகக் குளிராக இருக்கிறது, 80 கிராம் கரைசலுக்கு மாறுங்கள்.

விதை போட்டும் எதுவும் நடக்கவில்லையென்றால் பெரும்பாலும் விதை உருகித்தான் உள்ளே போயிருக்கும், அல்லது நீர் உறைநிலையை இன்னும் எட்டவே இல்லை, வெப்பமானி பொய் சொல்கிறது. 0 டிகிரிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். மின்னல்கள் மங்கலாகத் தெரிந்தால் வடிகட்டியை இன்னும் கொஞ்சம் திருப்பி முழு இருட்டுக்குக் கொண்டுவாருங்கள், திரையின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

அதே தண்ணீரில் மறுமுறை செய்வதென்றால் பைகளை எடுத்துவிட்டு, துடுப்பு ஓடிக்கொண்டே இருக்க, ஐந்தாறு டிகிரி வரை சூடேறவிடுங்கள். உறைநிலையைத் தாண்டி அரை டிகிரி ஏறியதும் எல்லாம் உருகிவிட்ட மாதிரிதான் தெரியும், ஆனால் நீர்மட்டத்தை ஒட்டிக் கண்ணாடியிலும் தண்டிலும் மூடியின் ஓட்டை ஓரங்களிலும் துணுக்குகள் ஒட்டியிருக்கும், அடுத்த ஓட்டத்தில் நீங்கள் கேட்காமலேயே அவை விதையாகிவிடும். அந்த இடங்களை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் புதுப் பைகளைச் சாய்க்கலாம்.